பளபளத்த பதினாறு வால்வுகள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணி,

என் ஃபோனை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். "எழுத்துல இல்லாத எதையும் ஏத்துக்க மாட்டேன்னு பெரிய இவளாட்டம் சொன்னாள்ல, இனிமே எங்கிட்ட பேசணும்னா அவளும் எழுத்துலயே பேசட்டும்" என்றீர்களாம். அண்ணன் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். சரி, எழுதுகிறேன். நீங்கள் சொன்னால் நான் எதைத்தான் கேட்கவில்லை?

உங்கள் பட்டறையிலிருந்து வந்த பதினாறு வால்வுகளுக்கும் சிவப்பு அட்டை கட்டி நிறுத்தியது நான்தான். ஏன் நிறுத்தினேன் என்பதை மட்டும் அண்ணன் உங்களிடம் முழுங்கியிருப்பான். அதை எழுதவே இந்தக் கடிதம்.

பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கண் கூசியது. வால்வு மூடியில் என் மூக்கு தெரிந்தது. கூட இருந்த கிடங்குக்காரர், "இது குழாயில மாட்டறதுக்கா, ஷோகேஸ்ல வைக்கறதுக்கா மேடம்?" என்று கேட்டார். நான் எண்ணைத் தேடினேன். உருக்காலையில் ஒரு உலை இரும்புக்கு ஒரு எண் கொடுப்பார்கள் அல்லவா, அந்த ஹீட் நம்பர். அது சர்டிபிகேட்டில் இருக்கும், வால்வின் மேலும் பஞ்ச் அடித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தக் காகிதம் இந்த இரும்புக்கானது. உங்கள் சர்டிபிகேட்டில் ஒரு குறையும் இல்லை. வால்வில்தான் எண் இல்லை. பதினாறிலும் இல்லை. அண்ணன் மெருகு ஏற்றுகிறேன் என்று பஃப் அடித்து எண்ணையும் சேர்த்து வழித்துவிட்டான்.

ஃபோனில் கேட்டால், "உன் கம்பெனிக்குப் போற சரக்கு. அழுக்கா அனுப்பினா உனக்குத்தானே மரியாதைக் குறைச்சல்" என்கிறான். இதற்கு நான் சிரிப்பதா அழுவதா, நீங்களே சொல்லுங்கள்.

வேறு இடத்து வால்வாக இருந்தால் எழுதி வாங்கிக்கொண்டு சமாளிக்கலாம். எங்கள் எரிவாயுக் கிணற்றிலிருந்து வரும் வாயுவில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு விஷ வாயு கலந்திருக்கிறது. அதோடு ஈரமும் சேர்ந்தால் கெட்டியான எஃகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விட்டுவிடும். பதமாக்கி மென்மையாக்கிய எஃகுதான் தாங்கும். எது எந்தப் பதம் என்று பார்வைக்குத் தெரியாது. இந்த வால்வுகள் போகப்போகிற குழாய் லைன் நான் தினமும் காலையில் சுற்றிவருகிற லைன்.

சரக்கைத் திருப்பி அனுப்பினால் எங்கள் சப்ளையர் பட்டியலிலிருந்து பட்டறையின் பெயரை அடித்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அட்டை கட்டும்போது முடிச்சே விழவில்லை எனக்கு.

உங்கள்
பூதக்கண்ணாடி


மார்ச் 6

உயர்திரு ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பாடம் நன்றாக இருந்தது. இந்தப் பட்டறையில் கணக்கும் கிடங்கும் பார்க்கிற எனக்கு ஹீட் நம்பர் என்றால் என்ன என்று விளக்கியதற்கு நன்றி. இவ்வளவு நாள் அதைப் பஸ் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு முதல் வேலை கிடைத்தபோது பாதுகாப்பு ஷூ வாங்கக் கடை கடையாய் ஏறி இறங்கியது யார்? உன் காலுக்குப் பொம்பளை அளவு கிடைக்காமல் ஆம்பளை ஷூவுக்குள் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தது யார்? அந்தக் காலோடுதான் இப்போது வந்து எங்கள் சரக்கைச் சிவப்பு அட்டை கட்டி நிறுத்துகிறாய். நல்லா இரு.

தப்பு நடந்தது நிஜம். நான் மூடி மறைக்கவில்லை. பஃப் அடிக்க வேண்டாம், நாள் கடத்தாதீர்கள் என்று நானும் சொன்னேன். "தங்கச்சி பாக்கப் போறா" என்று ராத்திரி பகலாகத் தேய்த்தார் மனுஷன். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு பளபளப்பாக வரவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

ஆனால் எண் போனால் என்ன, ஆளைத் தெரியாதா உனக்கு? உன் அண்ணன் இரும்பு மாற்றிப் போடுகிறவரா? ஒரு வார்த்தை எனக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், அட்டை கட்டுவதற்கு முன்னாலேயே லாரியைத் திருப்பியிருப்பேனே. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில்தான் உன்மேல் கோபம். இந்த ஆர்டரை நம்பித்தான் புது லேத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பட்டியலில் பெயர் போனால் லேத்தும் இல்லை, இங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேரும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. கெட்டியாக இருந்தால் உடையும், மென்மையாக இருந்தால் தாங்கும் என்று எழுதியிருக்கிறாய். இரும்பைத்தான் சொல்கிறாயா, இல்லை அண்ணிக்கு ஏதாவது ஜாடையா?

உன் அண்ணன் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. பிறகு அடுப்படியில் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது, அது யார் என்று நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. நாளைக்குக் கிளம்பி உன்னிடம் வருகிறார், உங்கள் மேலாளரை நேரில் பார்த்துப் பேச. ஒழுங்காகப் பார்த்துக்கொள். இது அவருக்காகச் சொல்வது. உன்மேல் உள்ள கோபம் குறையவில்லை.

இப்படிக்கு,
பட்டறை நிர்வாகம்


மார்ச் 11

பட்டறை நிர்வாகத்துக்குப் பணிவான வணக்கம்.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். லாரி வந்த அன்றே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் சப்ளையரைக் கூப்பிடக்கூடாது என்று இங்கே ஒரு விதி உண்டு. சப்ளையர் என் அண்ணன் என்று முதல் நாளே மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "அப்ப நீங்க ரெண்டு தடவை பாப்பீங்க, நல்லதுதான்" என்று அந்த வேலையை என் தலையிலேயே கட்டினார். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை அண்ணி. அந்த ஷூவை இன்னமும் வைத்திருக்கிறேன், அதை மட்டும் சொல்லிக் காட்டாதீர்கள்.

ஜாடை எல்லாம் இல்லை. நீங்கள் மென்மையான ரகம் என்று எந்த ஆய்வகமும் சர்டிபிகேட் கொடுக்காது.

உங்கள் வீட்டுக்காரர் பத்திரமாக வந்து சேர்ந்தார். வந்த அரை மணியில் என் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டார். சொட்டிக்கொண்டிருந்ததாம். நான்கு மாதமாகச் சொட்டுகிறது, எனக்குப் பழகிவிட்டது. மாட்டி முடித்ததும் துணியை எடுத்து அதைத் தேய்க்க ஆரம்பித்தார். "அண்ணா, போதும்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்தார். கூப்பிடாமலே சாப்பிட வந்தார். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார், உங்களுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இப்போது நல்ல சேதி. மேலாளர் அண்ணன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். தங்கைக்காகப் பளபளப்பாக்கினேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவதுபோல் மறைத்துக்கொண்டார். பிறகு ஒரு வழி சொன்னார். எங்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது. இரும்பின் மேல் வைத்து அழுத்தினால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடும். அதைப் பதினாறு வால்விலும் வைத்துப் பார்ப்பது, கடினத்தன்மையை மட்டும் நான்கு வால்வில் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று பார்த்தோம். கலவை பதினாறிலும் சர்டிபிகேட்டில் உள்ளபடியே இருக்கிறது. கடினத்தன்மை பார்த்த நான்கும் வரம்புக்குள் இருக்கிறது. அண்ணன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, தேர்வு எழுதுகிற பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தான். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

வருகிற திங்கட்கிழமை சிவப்பு அட்டையை அவிழ்த்துப் பச்சை அட்டை கட்டுகிறேன். பட்டறை பட்டியலில் இருக்கிறது. லேத்துக்குச் சொன்னதைச் சொன்னபடியே வையுங்கள். ஃபோனை எடுங்கள் இனிமேலாவது.

உங்கள்
பூதக்கண்ணாடி


மார்ச் 14

அடியே,

திங்கட்கிழமை எந்த அட்டையையும் அவிழ்க்காதே. முதலில் இதைப் படி.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. சந்தோஷத்தில் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன். நம் லேத்தில் கடைகிற லேத்காரர் கையைத் தட்டினார். தட்டிவிட்டு, "அந்த மூடியெல்லாம் கடைஞ்சப்ப என்ன பாடு படுத்துச்சு, நீங்க வேற டிப்பு தர மாட்டேன்னு சண்டைக்கு வந்தீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது.

லேத்தில் இரும்பைக் கடைகிற அந்தக் கூர்முனை டிப்புகள் என் அலமாரியில்தான் பூட்டி இருக்கும், உனக்குத் தெரியும். உங்கள் மூடிகளைக் கடைந்தபோது அவர் ஒரே ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப வந்து டிப் கேட்டார். "அதுக்குள்ள தின்னு தீத்துட்டீங்களா" என்று அன்றைக்கு அவரை நன்றாகத் திட்டினேன். மற்ற நாளெல்லாம் ஒரு டிப்பே போதுமானதாக இருந்தது. பதமாக்கின இரும்பு எதற்கு அன்றைக்கு மட்டும் டிப்பைத் தின்ன வேண்டும்?

பின்பக்கம் போய்க் கம்பி வைக்கிற சட்டத்தைப் பார்த்தேன். அங்கே இரண்டு தடிக் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று உங்கள் சரக்குக்காகப் பதமாக்கி வாங்கியது. இன்னொன்று கல் உடைக்கிற இயந்திரத்தின் அச்சுக்காக நல்ல கெட்டியாக வாங்கியது. இரண்டும் ஒரே ரகம், ஒரே கலவை. பதம் மட்டும்தான் வேறு. அதனால்தான் உன் துப்பாக்கிக்கு வித்தியாசம் தெரியவில்லை. பதமான கம்பி இருக்க வேண்டியதைவிட இரண்டு மூடி அளவுக்கு நீளமாக மிஞ்சியிருக்கிறது. கெட்டிக் கம்பி அதே அளவுக்குக் குறைகிறது. லேத்காரரைக் கேட்டேன். கைக்கு எட்டினதை எடுத்தேன் என்கிறார். எண்ணைப் பார்க்க வேண்டியவர் உன் அண்ணன், அவர் பஃப் மெஷினோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆகவே பதினாறில் இரண்டு கெட்டி. எந்த இரண்டு என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்த நான்கில் அது மாட்டவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க இதை எழுதாமல் இருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, பெயர் பிழைத்துவிட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியது. இரண்டு மூடிதானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காபி போட்டேன், குடிக்கவில்லை. அந்த லைனை நீ தினமும் காலையில் சுற்றிவருவதாக எழுதியிருந்தாயே, அந்த வரியை எடுத்து மறுபடியும் படித்தேன். பயமாக இருக்கிறதடி எனக்கு. பட்டறை போனால் வேறு ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம்.

ஃபோனை இரண்டு தடவை கையில் எடுத்தேன். வாயால் சொன்னால் உங்கள் மேலாளர் அதை வைத்து என்ன செய்வார்? அதனால் பட்டறைத் தாளில் முத்திரை போட்டு அவருக்கும் தனியாக எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். நம் வண்டி ஓட்டுநர் இதை நேரில் கொண்டுவருகிறார். திங்கட்கிழமை வாசல் திறக்கும் முன் அங்கே நிற்பார்.

உன்மேலும் ஒரு குறை உண்டு. பதினாறையும் பார்க்காமல் நான்கோடு எப்படி விட்டாய்? அண்ணன் கையைப் பிசைந்ததைப் பார்த்து உருகிவிட்டாயா? உருகுகிற இடமா அது?

அங்கே இருக்கிற உன் அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ சொல். சாப்பிட்ட பிறகு சொல்.

உன் அண்ணி


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணி,

நடுவில் ஃபோனில் அரைகுறையாகச் சொன்னதை எல்லாம் இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். அன்றைக்கு நீங்களும் அழுது நானும் அழுது, எதிரில் இருந்த அண்ணன் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி, ஒரு விஷயமும் முழுதாகப் பேசவில்லை.

நான்கோடு எப்படி விட்டாய் என்று நீங்கள் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மேலாளர் நான்கு போதும் என்றபோது எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. பதினாறையும் பார்ப்போம் சார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். அண்ணனுக்கு எதிரே அதைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் மனுஷர் சரக்காக இருந்தால் சொல்லியிருப்பேன். அதை மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை ஓட்டுநர் கொண்டுவந்த கடிதத்தை மேலாளர் நின்றபடியே படித்தார், உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். பதினாறையும் எடுத்துப் பார்த்தோம். ஒன்பதாவதும் பதின்மூன்றாவதும் கெட்டி. கொஞ்சநஞ்சம் இல்லை, வரம்பை விட்டு எங்கேயோ நின்றது.

அண்ணன் சாப்பிட்ட பிறகுதான் அவனிடம் சொன்னேன். வால்வுப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். "அவ எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல" என்றான். ஆமாம் என்றேன். "நானா இருந்தா எழுதியிருப்பேனான்னு தெரியல பாப்பா" என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களைப் பற்றி ஓட்டுநரிடம் பெருமையடிக்க ஆரம்பித்தான். நீங்கள் எழுதியதை அவன் எழுதிய மாதிரி. ஓட்டுநர் பாவம், தப்பித்து ஓட வழி பார்த்தார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கெட்டி மூடியிலிருந்து ஒரு பட்டை, நீங்கள் பிறகு அனுப்பிய பதமான கம்பித் துண்டிலிருந்து ஒரு பட்டை வெட்டி, இரண்டையும் இழுத்து வளைத்துப் பிடித்து, அந்த முட்டை நாற்ற வாயு கரைந்த தண்ணீரில் போட்டு வைத்தார்கள். நல்லது இன்னும் அப்படியே இருக்கிறது. கெட்டிப் பட்டை ஆறாம் நாள் காலையில் இரண்டாகக் கிடந்தது. நான் போய்ப் பார்த்தேன். உடைந்த இடத்தில் துரு இல்லை, தேய்மானம் இல்லை, முந்தின நாள்வரை ஒரு அறிகுறியும் இல்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு லைனைச் சுற்றப் போனேன் அண்ணி. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இனி நல்ல சேதி, இந்தத் தடவை நிஜமானது. பதினான்கு வால்வுகளை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கு மட்டும் புது மூடி போட்டு அனுப்ப வேண்டும். பட்டறையின் பெயரை அடிக்கவில்லை. "தப்பு செய்யாத சப்ளையர் எனக்கு இதுவரை கிடைச்சதில்ல. தானா எழுதின சப்ளையர் இதுதான் முதல்" என்றார் மேலாளர். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். இனிமேல் உங்கள் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் தயாரிப்புப் பிரிவுக்குக் கட்டுப்படாத ஆளாக இருக்க வேண்டும். அவர் சொல்வதைத் தயாரிப்புப் பிரிவுதான் கேட்க வேண்டும், அவர்கள் பேச்சை அவர் கேட்கிறவராக இருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆள் உங்களிடம் இருக்கிறாரா என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "என் பொண்டாட்டி சார்" என்றான். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவைகூட என் பேச்சைக் கேட்டதில்ல."

மேலாளர் இந்த முறை இருமலாக மாற்ற முடியாமல் சிரித்துவிட்டார். உங்கள் பெயரைப் படிவத்தில் எழுதிக்கொண்டார். நீங்கள் ஒரு பயிற்சிக்குப் போக வேண்டும், கடினத்தன்மை பார்க்கும் கருவியை இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்று சொல்லாதீர்கள், நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்
பூதக்கண்ணாடி


ஏப்ரல் 29

என் பூதக்கண்ணாடிக்கு,

என்னைக் கேட்காமல் சரி சொல்ல நீ யார்? போய்விட்டு வந்தேன். பயிற்சியில் நான் ஒருத்திதான் பெண். பக்கத்தில் இருந்த பையன் என்னைச் சமையல் கான்ட்ராக்டர் என்று நினைத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டான். பரீட்சையில் அவனைவிட எனக்கு மார்க் அதிகம். சாப்பாடு என்ன என்று நானும் அவனைக் கேட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கம்பி வெட்டுவதற்கு முன்னால் எண்ணை மிச்சத் துண்டிலும் நான் நின்று பஞ்ச் அடிக்க வைக்கிறேன். கெட்டிக் கம்பிக்கு வேறு சட்டம், வேறு நிறப் பெயின்ட். பஃப் மெஷின் இருக்கிற அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. உன் அண்ணன் அந்தப் பக்கம் போகும்போது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்.

போன வாரம் அவர் கடைந்த மூடி ஒன்றை நிறுத்தினேன். எண்ணில் கடைசி இலக்கம் சரியாக விழவில்லை. "மூணுதான், தெரியுதே" என்றார். "எனக்கு எட்டாட்டம் தெரியுது" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சு இல்லை. சாயங்காலம் லேத்காரர் வந்து, "ஐயாவைக் கொஞ்சம் விட்டுக் குடுங்கம்மா, பாவம்" என்று சிபாரிசு செய்தார். விட்டுக்கொடுக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் உன்னை நினைத்தேன். அன்றைக்கு அட்டை கட்டும்போது முடிச்சு விழவில்லை என்று எழுதியிருந்தாயே, அது என்ன பாடு என்று இப்போது எனக்குத் தெரிகிறது. உன்னிடம் கோபித்துக்கொண்டதற்கு வருத்தப்படுகிறேன். அந்த மூடியை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று கடையச் சொன்னேன். கடைந்தார். முதலாவதைவிட நன்றாக வந்திருக்கிறது, அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வால்வும் தயார். செவ்வாய்க்கிழமை வண்டியில் நானும் கூடவே வருகிறேன். ஒரு படுக்கை போட்டு வை.

சர்டிபிகேட்டில் நானே கையெழுத்துப் போட்டேன். மூன்று தாள் வீணாயிற்று. நாலாவது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அண்ணி போட்ட கையெழுத்து, அண்ணியே எதிரில் வந்து நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு அப்படியே பச்சை அட்டையை எடுத்துவிடாதே. கருவியை மூடியின் மேல் வை. ஒரு இடத்தில் வைத்தால் போதாது, சுற்றி வை. நான் முகத்தைச் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகிறேன். என்மேல் உனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் அது உன்னோடு இருக்கட்டும், அந்தக் குழாய் ஓரமாக நடந்துபோகிறவள் நீ.

உன் அண்ணி